கொடைக்கானல்: கார் நிற்கும் இடத்தில் மலை முடிவதில்லை

வியூ பாயின்ட்டுகளில் நெரிசல். அங்கிருந்து சில நிமிட நடையில் ஆளரவமற்ற சோலை. பழனி மலையின் பழைய நடைவழிகள் பற்றியும், அவற்றில் கால் வைக்குமுன் நாம் பழக வேண்டியவை பற்றியும் ஒரு பார்வை.

மே மாத ஞாயிற்றுக்கிழமை. தூண் பாறை எதிரே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. வேகவைத்த சோளமும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயும் கைமாறுகின்றன. கைப்பிடிக் கம்பி நெடுக உயர்த்திய செல்போன்கள். 122 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மூன்று கருங்கல் தூண்களையும் மேகம் மொத்தமாக மூடிவிட்டது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைத் திரையையே பின்னணியாக வைத்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, “அடுத்த பாயின்ட் எதுண்ணே?” என்று டிரைவரைக் கேட்டபடி வண்டி ஏறுகிறார்கள். இருட்டுவதற்குள் பட்டியலில் மிச்சமிருப்பதையும் முடித்தாக வேண்டும்!

இந்தக் கூட்டத்தின் விவகாரம் நீதிமன்றம் வரை போய்விட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்கு உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள். வரம்பு கட்டிய பிறகு உள்ள கணக்கே இது. இத்தனை வண்டிகளும் போய் நிற்பது விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில இடங்களில்தான். பழனி மலைத்தொடரின் பரப்போ ஏறத்தாழ 2,068 சதுர கிலோமீட்டர். அதில் பார்க்கிங் கிடைக்கிற இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, கொடைக்கானலைப் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புகிறோம்.

மலையைக் காலால் பார்க்கும் பழக்கம் இந்த மலைக்குப் புதிதல்ல. சாலைக்கு வெகுகாலம் முன்பே இங்கே பாதைகள் இருந்தன. பலவும் இன்னும் இருக்கின்றன.

சாலைக்கு மூத்த பாதைகள்

இந்த மலையில் முதன்முதலாக இடம் தேர்ந்து நின்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் விட்டுப்போன கல்திட்டைகள் இருக்கின்றன. பெருமாள்மலை, பேத்துப்பாறை, தாண்டிக்குடி வட்டாரங்களில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய பெருங்கற்காலச் சின்னங்களை இன்றும் காணலாம். ஆங்லேட், நியூட்டன் என்ற இரு இயேசு சபைப் பாதிரியார்கள் காடு மேடெல்லாம் அலைந்து இவற்றைப் பதிவு செய்தார்கள். பழனி மலைக் கல்திட்டைகள் பற்றிய அவர்களின் நூல் 1928-ல் வெளிவந்தது. பாறை விளிம்புகளில் இருக்கும் திட்டைகளின் அருகே நின்றால் பள்ளத்தாக்கு கண்முன் விரியும். காட்சி பார்க்கத் தோதான இடம் எது என்று திட்டை எழுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்றைய நகரத்தின் கதை வெள்ளகவி என்ற மலைக்கிராமத்திலிருந்து தொடங்குகிறது. 1821-ல் லெப்டினன்ட் பி.எஸ்.வார்டு என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர், அந்தக் கிராமத்தில் தங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறி வந்தார். கொடைக்கானல் என்ற ஊர் உருவாகுமுன்பே வெள்ளகவி இருந்தது. மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் மேலே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அடிவாரம் வரை மாட்டு வண்டி. பெரியகுளம் அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ‘கூலி காட்’ என்ற ஒற்றையடிப் பாதை. துரைசானிகள் நாற்காலியில் அமர்ந்துகொள்ள, சுமப்பவர்கள் தோள் மாற்றி ஏறுவார்கள். மூட்டை முடிச்செல்லாம் தலைச்சுமை. 1875-ல் ரயில் கொடைரோடு வரை வந்தும் மலை ஏறும் முறை மாறவில்லை. மோட்டார் வண்டி மேலே போனது முதல் உலகப்போர்க் காலத்தில்தான். கொடைக்கானல் தன் வாழ்நாளின் முதல் எழுபது ஆண்டுகளை இந்தச் சுமையாட்களின் முழங்கால் பலத்தில்தான் ஓட்டியது. பாதைக்கு அவர்களுடைய பெயரே ஒட்டிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நகரத்துக்குள்ளேயே நடப்பதற்கென்று போட்ட ஒரு வழியும் உண்டு. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த ‘கோக்கர்ஸ் வாக்’. மலையின் விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டர். வானம் தெளிந்தால் பெரியகுளத்துச் சமவெளி காலடியில் தெரியும். முன்னால் மூடுபனி திரண்டு, பின்னால் வெயில் அடித்தால், பார்ப்பவரின் நிழலே பெரிதாகிப் பனியில் விழும். தலையைச் சுற்றி ஒரு வானவில் வளையமும் தோன்றும். ‘பிராக்கன் ஸ்பெக்டர்’ என்று அறிவியல் சொல்லும் இந்த வேடிக்கையைக் காண நேரம் அமைய வேண்டும், காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். அடுத்த பாயின்ட்டுக்கு அவசரப்படுபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

வட்டக்கானலுக்குக் கீழே

பழைய பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எளிய வழி, வட்டக்கானல் போவது. ‘லிட்டில் இஸ்ரேல்’ என்று சுற்றுலாக்காரர்கள் பட்டம் சூட்டிய சிற்றூர் இது. சாலை முடிந்து, பிரெட் ஆம்லெட் கடைகளைத் தாண்டியதும் மண்பாதை இறங்கத் தொடங்குகிறது. மண் அரித்துப்போன இடங்களில் மர வேர்கள்தான் படிக்கட்டு. பல பேர் கால் வைத்து வைத்து, வேரின் மேல்பட்டை தேய்ந்து, தேக்கு மேசை போலப் பளபளக்கிறது. மழை பெய்துவிட்டால் அதே பளபளப்பு ஆளைச் சறுக்கிவிடும். வேரின் முதுகை விட்டுவிட்டு, வேருக்கும் வேருக்கும் நடுவே உள்ள மண்ணில் பாதத்தைப் பக்கவாட்டில் பதிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இறங்குவதை ஐந்து நிமிடம் பார்த்தாலே இந்த வித்தை பிடிபட்டுவிடும்.

அரை மணி, முக்கால் மணி நேர இறக்கத்தில் டால்பின் நோஸ். பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான ஒரு பாறை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர். கீழே பெரியகுளம் இருப்பதோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும் என்பது பொதுக்கணக்கு. பாறை மேல் ஸ்வெட்டரோடு நிற்பவர் பார்ப்பது வியர்த்துக் கொட்டும் ஊரை! பெரும்பாலானோர் இங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி ஏறிவிடுகிறார்கள். திரும்பும் ஏற்றத்தில்தான் மூச்சு வாங்குகிறது. மலையில் போகும்போது இறக்கம் என்றால், வரும்போது கடன் தீர்க்க வேண்டும்.

பாதை அங்கே முடியவில்லை. சோலையையும் தோட்டங்களையும் கடந்து வெள்ளகவிக்கும், அதன்பின் கும்பக்கரை அடிவாரத்துக்கும் அது தொடர்கிறது. வண்டிச்சாலை எட்டாத ஊராகவே தலைமுறைகளைக் கடத்திய கிராமம் வெள்ளகவி. ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. வீடுகளுக்கு இடையே கோயில்கள் இருப்பதால் ஊரையே கோயில் வளாகமாக மதிக்கிறார்கள். வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காபி, மிளகு, பட்டர் ஃபுரூட், மலைவாழை எல்லாம் மட்டக்குதிரை முதுகில்தான் வெளியே போகின்றன. ஒடுங்கிய திருப்பத்தில் மூட்டையோடு குதிரை எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நிற்பதுதான் மரபு. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வருபவருக்கு இந்தப் பாதை ஒரு நாள் சாகசம். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கும், நெஞ்சுவலி வந்த பெரியவருக்கும் அது டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டிய தூரம். அந்த ஊர்க்காரர்கள் சாலை கேட்பதைப் பார்த்து, “ஐயோ, அழகு கெட்டுவிடுமே” என்று பேச மேலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு உரிமை இல்லை.

மேலிருந்து எதைப் பார்ப்பது?

காட்சிமுனையில் நின்றதும் எல்லோரும் சொல்வது “சூப்பரா இருக்கு.” கொஞ்சம் நேரம் கொடுத்தால், பார்ப்பதற்கு அதைவிட அதிகம் உண்டு.

முதலில் தண்ணீர். மலைச்சாலையில் டம் டம் பாறை அருகே நின்றால் தலையாறு அருவி தெரியும். ‘எலிவால் அருவி’ என்று செல்லப்பெயர். 297 மீட்டர் விழும் இதுதான் தமிழ்நாட்டின் உயரமான அருவி. அதன் கீழே மஞ்சளாறு அணை. வட்டக்கானல் பக்கம் ஓடும் பாம்பாறு, கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் வட்டாரத்து வயல்களைத் தேடிப் போகிறது. தென்சரிவின் நீர் வைகைக்கு. வடசரிவின் நீர் அமராவதி, சண்முகநதிப் பக்கம். மேலே ஒரு சோலை சுருங்கினால், கீழே எந்த ஊர்க் கிணற்றில் தெரியும் என்பதைப் பள்ளத்தாக்கே வரைபடமாகக் காட்டிவிடுகிறது.

அடுத்தது பச்சை நிறம். எல்லாப் பச்சையும் காடு ஆகிவிடாது. மலை மடிப்புகளுக்குள் குட்டை மரங்கள் நெருங்கி, பல நிறத் தளிரோடு தெரிவது சோலை. ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்பவை சீகை, பைன், தைல மரங்கள்; மனிதன் நட்டவை. சோலைகளுக்கு நடுவே மேட்டில் விரிந்திருக்க வேண்டியது புல்வெளி. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதில் சோலைக்குள்ள பங்கு அந்தப் புல்லுக்கும் உண்டு. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்புகளாலும் விவசாயத்தாலும் காணாமல்போனது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. அந்தப் புல்வெளியில்தான் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2018-ல் பூத்தது, அடுத்து 2030.

இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலிலேயே தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இணையர் சோலைச் செடிகளுக்கு நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதை அவர்கள் கவனித்தார்கள். தோப்புக்கும் சோலைக்கும் உள்ள வேறுபாட்டை நடந்து போகிறவரால் நேரில் உணர முடியும். பைன் தோப்புக்குள் தரை முழுக்க ஊசி இலை மெத்தை, பூச்சிச் சத்தம்கூடக் குறைவு. அங்கிருந்து சோலைக்குள் நுழைந்தவுடன் காற்று ஈரமாகிறது, மண் கறுக்கிறது, பாசி மரத்தில் ஏறுகிறது, அட்டை காலில் ஏறுகிறது. காருக்குள் இருப்பவருக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.

குரங்கணி மறக்கக் கூடாதது

நடங்கள் என்று சொல்லும் எவரும் 2018 மார்ச் 11-ஐத் தாண்டிப் போக முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலை சென்று இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. அடிவார ஊர்க்காரர்கள்தான் போர்வையையே டோலியாகக் கட்டி, கருகியவர்களை இருட்டில் தூக்கி வந்தார்கள். பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அனுமதி, வழி, பருவம் ஆகிய மூன்றும் அப்போது கேள்விக்கு உள்ளாயின.

தீயின் போக்கைப் புரிந்துகொண்டால் அந்த நாளின் கொடுமை புரியும். மார்ச் மாதத்தில் சரிவுகளில் ஆள் உயரப் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். தீ மலையில் மேல்நோக்கி ஓடும். மேலே உள்ள புல்லை எரியுமுன்பே சூடேற்றிவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினரின் கணக்கு. உயிர் தப்ப மேல்நோக்கி ஓடுபவரை அது எட்டிப் பிடித்துவிடும். ஏற்கெனவே எரிந்து கறுத்த இடமோ, புல்லில்லாத பாறையோ, ஓடையோதான் தப்பும் வழி. அது எங்கே இருக்கிறது என்பது கூகுள் வரைபடத்தில் இராது. தினமும் அந்த வழியில் நடப்பவருக்குத் தெரியும்.

தூண் பாறையை ஒட்டிய குணா குகை வேறொரு பாடம். 1991-ல் ‘குணா’ படத்தால் பெயர் மாறிய பள்ளம் அது. 2006-ல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் அதில் விழ, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி மீட்டார். 2024-ல் அது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமாகி ஊரெங்கும் ஓடியது. விழுந்தவர் பிழைத்ததால் அது படமானது. வேலி தாண்டிய பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே போட்ட வேலி யாருடைய ரசனைக்கும் தடை அல்ல, முன்பு விழுந்தவர்களின் நினைவுக் குறிப்பு.

பாதையை அறிந்தவருக்குக் கூலி

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழிகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் முன்பதிவு. திருவள்ளூர் குடியம் குகையிலிருந்து கோவை வெள்ளியங்கிரி வரை பட்டியலில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், குறிப்பாகப் பழங்குடி இளைஞர்கள், வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீப் பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வழிகள் மூடப்படுகின்றன. உயிர் போன இடத்திலிருந்து பாடம் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த மூடலே சாட்சி.

கட்டணம் கூடுதல் என்று குறைப்படுபவர்கள் உண்டு. தடை இல்லாமல் ஏறிப் பழகியவர்களுக்கு நடப்பதற்குக் காசா என்று தோன்றுவது இயல்பு. என் கருத்து வேறு. மலையில் வழிகாட்டி செய்யும் வேலையைப் பாருங்கள். காட்டுமாடு நிற்கும் வாடையை முன்கூட்டியே உணர்ந்து குழுவை நிறுத்துகிறார். எந்த ஓடையில் நீர் குடிக்கலாம் என்று சொல்கிறார். மேகம் எந்தப் பக்கமிருந்து ஏறினால் திரும்பிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்று சுமைகூலிக்குத் தோள் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் அறிவுக்குக் கூலி வாங்குகிறார்கள் என்றால், அது கொடுக்க வேண்டிய காசு. அந்தக் காசில் உரிய பங்கு அவர்கள் கைக்குப் போகிறதா என்றுதான் நாம் கேட்க வேண்டும். மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் எளிய வழிகள் கூடுதலாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பாதைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. 4,000 வண்டிக் கூட்டத்தை அப்படியே சோலைக்குள் திருப்பிவிட்டால், ஒரே பருவத்தில் சோலை சாலையாகிவிடும். சிறு குழு, குறித்த வழி, மூடுகாலம் என்ற மூன்று கட்டுப்பாடுகளும் அதனால்தான். இந்த மலையில் 608 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே நாம் விருந்தாளிகள் மட்டுமே.

புறப்படும் முன்

* பருவம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முதல் பாதி வரை வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரல், மே பிற்பகல்களில் இடியும் மின்னலும் வரும். மொட்டைப் பாறையில் நிற்காதீர்கள்.

* நேரம்: வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகிக் காட்சியை மூடும். விடிந்த கையோடு கிளம்புங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு. நம் கல்பாதைகளுக்கு அதில் பாதியை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

* அனுமதி: காப்புக்காட்டு வழி எதுவானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். வழிகள் திடீரென மூடப்படுவதும் உண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள்.

* கால்: பிடிமானமுள்ள ஷூ. இறக்கத்தில்தான் முழங்கால் அடிவாங்கும். ஒரு கைத்தடி பாதி வலியைத் தின்றுவிடும்.

* பை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, டார்ச், கொஞ்சம் கடலைமிட்டாய். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் நல்லது.

* விலங்கு: காட்டுமாடு சாதுவாகத் தெரியும், ஒரு டன் வரைகூட எடை இருக்கும். செல்ஃபிக்கு நெருங்காதீர்கள். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

* தீ: பீடி, சிகரெட், சமையல், கேம்ப் ஃபயர் எதுவும் கூடாது. எந்தப் பருவத்திலும்.

இத்தனைக்கும் நேரமில்லை, உடம்பில் தெம்பில்லை என்பவர்கள் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு விடியற்காலை நடந்தாலே போதும். தெம்புள்ளவர்கள் அடுத்த முறை பாயின்ட் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நாளை ஒரே ஒரு பாதைக்கு ஒதுக்குங்கள். வழிகாட்டியோடு போங்கள், போகும் ஊரில் ஒரு வேளையாவது சாப்பிட்டுக் காசு கொடுங்கள், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காரை வீட்டிலேயே விட்டுவிட்டும் போகலாம். வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் கொடைக்கானலுக்குப் பேருந்துகள் உண்டு. அரசுப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.